கண்ணில் விழுந்த குருணை



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதி வரும் நான் இன்று கண்ணைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு மாணவனின் தாயார் என்னிடம் தனியாக வந்தார். தம் கணவரின் கண்ணில் பூ விழுந்துவிட்டதாகவும், லேசர் வைத்தால் ஒரே நாளில் போய்விடும் என்று யாரோ சொன்னதாகவும் கூறினார். "டீச்சர், நீங்களும் லேசர் செஞ்சிருக்கீங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான். ஆனால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் நின்றபடியே சொன்னதை இங்கே உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சீர்செய்து கொள்வோம். தமிழாசிரியை என்பதால் இது எனக்குப் பிடித்த வேலையுங்கூட. நம் மக்கள் கண் நோய்களுக்கு அழகழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்கிப்போவது புரை. நாற்பது வயதுக்கு மேல் அருகிலுள்ள எழுத்து தெளிவில்லாமல் போவது வெள்ளெழுத்து. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கித் தோல்போல் படர்ந்து வருவது சதை வளர்ச்சி. கருவிழியின் மேல் வெள்ளைப் புள்ளியாகவோ திட்டாகவோ தெரிவது பூ. நான்கும் நான்கு வெவ்வேறு குறைகள், மருத்துவமும் வெவ்வேறு. ஆனால் வீட்டுப் பேச்சில் நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் புரை நீக்கி மறுநாளே பார்வை வந்தது என்றால், பூ விழுந்தவருக்கும் அப்படியே வரும் என்று நம்பிவிடுகிறோம். பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்வதே பாதி மருத்துவம் என்பேன்.

பூ விழும் இடத்திற்குக் கலைச்சொல் அகராதிகள் 'விழிவெண்படலம்' என்று பெயர் தந்திருக்கின்றன. அப்பெயரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் படலம் வெண்மையானது அன்று. கண்ணாடியைப் போல் நிறமற்றது. அது வெளுத்தால்தான் நோய்! நாளேடுகள் 'கருவிழி' என்றே எழுதுகின்றன. கருமை என்பது அதன் பின்னால் இருக்கும் திரையின் நிறம். நான் இங்கே 'கருவிழிப் படலம்' என்று எழுதுகிறேன். இதைவிடச் சிறந்த சொல் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். லேசரைச் 'சீரொளி' என்று எழுதவும் ஆசைதான். ஆனால் எங்கள் தலைமையாசிரியரே அது என்னவென்று கேட்பார். ஆகவே லேசர் லேசராகவே இருக்கட்டும்.

கருவிழிப் படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. இதில் குருதி நாளங்கள் இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மேலே மெல்லிய தோல் போன்ற ஓர் அடுக்கு. அதன் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐம்பது பங்கு. அந்த மேலடுக்கு காயப்பட்டால் சில நாளிலேயே வடுவின்றி வளர்ந்துவிடும். அதற்குக் கீழே இருப்பதுதான் பெரும் பகுதி. அங்கே நுண்ணிய நார்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கினால்தான் ஒளி தடையின்றிச் செல்கிறது. காயமோ புண்ணோ அந்த ஆழம்வரை சென்று ஆறினால், புதிதாக வளரும் நார்கள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. தழும்பு விழுகிறது. அதுதான் பூ.

எங்கள் குடும்பத்தில் வந்தது இப்படிக் காயத்தால் வந்த பூ அன்று.

என் தாயார் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். வெயில் ஏறிய பின் பால் எடுத்து வரும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்தபடியே நடப்பார். வெளிச்சம் அவருக்கு ஆகாது. சில நாள் காலையில் எழுந்ததும் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று கூறி, ஈரத்துணியை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். பாலுக்குக் கலக்கும் அமோனியாவின் காரம் என்று சிலர் சொன்னார்கள். பாலை உறைய வைக்கும் அமிலம் தெறித்திருக்கும் என்றார் வேறொருவர். புகைவீட்டுப் புகை என்பது என் பாட்டியின் முடிவு. லயத்தில் பத்துப் பெண்களுக்குப் பத்து நோய் இருந்த காலம் அது. கண் எரிச்சலுக்காக யாரும் பட்டணத்து மருத்துவமனைக்குப் போனதில்லை. என் பாட்டிக்கும் அதே மங்கல் இருந்தது என்பதை ஒருவரும் இணைத்துப் பார்க்கவில்லை. தாயும் மகளும் ஒரே வேலை பார்த்தவர்கள். ஆகவே வேலையால் வந்த நோய் என்றே எல்லாரும் எண்ணினார்கள்.

உண்மை வெளிப்பட்டது 2011ஆம் ஆண்டில். கோலாலம்பூரில் பணிபுரியும் என் தம்பி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறியும் ஆசையில் லேசிக் செய்துகொள்ளச் சென்றான். பணம் கட்டத் தயாராகப் போனவனை, பிளவொளி விளக்கின்முன் உட்கார வைத்துப் பார்த்த சீன மருத்துவர் நெடுநேரம் பேசவே இல்லையாம். பிறகு, "உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கருவிழியில் ஏதும் குறை உண்டா?" என்று கேட்டிருக்கிறார். லேசிக் செய்ய மறுத்துவிட்டார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய அந்த மருத்துவரை நான் இன்றளவும் நன்றியோடு நினைக்கிறேன்.

தம்பியின் இரு கண்களிலும் ரொட்டித்தூள் சிதறியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தன. நோயின் பெயர் கிரானுலர் டிஸ்ட்ரோஃபி. இதை அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டுமே! நான் 'குருணை' என்றேன். அரிசி புடைத்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "கண்ணுக்குள்ள நொய் விழுந்திருக்குன்னு சொல்லு" என்றார்.

இந்நோயை 1890ஆம் ஆண்டிலேயே குரோனோ என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதியிருக்கிறார். அதற்குக் காரணமான மரபணு 1997இல்தான் கண்டறியப்பட்டது. ஐந்தாம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. அப்பிழையால் ஒரு புரதம் கோணலாக உருவாகி, கருவிழிப் படலத்தில் குருணை குருணையாகப் படிகிறது. ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் என்று மாணவர்க்கு நாள்தோறும் சொல்பவள் நான். என் உடலிலேயே அதற்குச் சான்று இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆம், எனக்கும் இருந்தது. குடும்பத்தோடு சென்று வரிசையாகப் பரிசோதித்துக்கொண்டோம். அம்மாவுக்குப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிட்டிருந்தன. எனக்கு நடுத்தரம். அப்போது 11 வயதாயிருந்த என் மகளுக்கு, ஊசி முனையால் குத்தியதுபோல் சில புள்ளிகள். 8 வயது மகனுக்கு இல்லை. 15 வயதில் மறுபடியும் பார்த்தோம், இல்லை. தம்பியின் மூத்த மகனுக்கு இருந்தது; இளையவளுக்கு இல்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே. எங்கள் இரு குடும்பங்களிலும் இருவரில் ஒருவருக்கு வந்ததைப் பார்த்து, இரண்டு பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு உறுதி, மற்றவர் தப்பித்துவிடுவார் என்று உறவினர்கள் கணக்குப் போட்டார்கள். அது அப்படியன்று. ஒவ்வொரு பிறப்பும் தனித்தனியே நாணயம் சுண்டுவது போன்றது. முதல் பிள்ளைக்கு வந்தது என்பதால் இரண்டாம் பிள்ளைக்குச் சலுகை ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் வரலாம்; ஒருவருக்கும் வராமலும் போகலாம். கணித ஆசிரியர்கள் நிகழ்தகவுப் பாடத்தில் இதை எடுத்துக்காட்டாகக் கூறினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு லேசர் உதவாது என்றார்கள். குருணை ஆழம்வரை இறங்கிவிட்டிருந்தது. லேசரால் படலத்தின் மேற்பகுதியை மட்டுமே சீவியெடுக்க முடியும். ஆழத்தில் இருப்பதை எடுக்கப் புகுந்தால் படலமே மெலிந்து வலுவிழந்துவிடும். ஆகவே 2012இல், 69ஆம் வயதில், அவருடைய வலக்கண்ணில் படல மாற்று அறுவை நடந்தது. அவருடைய படலத்தின் முன்னடுக்குகளை மட்டும் நீக்கிவிட்டு, இறந்த ஒருவர் தானமளித்த படலத்தை வைத்து, மயிரிழையினும் மெல்லிய நைலான் நூலால் பதினாறு தையல் போட்டார்கள். தையலை எல்லாம் எடுத்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

"யாரோட கண்ணு?" என்பதே அம்மாவின் முதற்கேள்வி. கடல் கடந்து வந்தது என்பதற்குமேல் மருத்துவமனையில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பின்னர் நான் இதைப் பற்றிப் படித்தபோது, 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7இல் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர், இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பினால் கண் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு முதன்முதலாக வெற்றிகரமாகப் படலம் மாற்றினார் என்று அறிந்தேன். நம் வட்டாரத்துச் செய்தி அதைவிட என் மனத்தைத் தொட்டது. இலங்கையில் ஹட்சன் சில்வா என்னும் மருத்துவர் 1961இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1964இல் முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கண்கள் அனுப்பப்பட்டது சிங்கப்பூருக்குத்தான். பனிக்கட்டி நிரப்பிய சுடுநீர்க் குடுவையில் வைத்துக் கையோடு எடுத்துச் சென்றார்களாம். நாம் காப்பி ஊற்றிக்கொண்டு போகும் குடுவை! அம்மாவுக்கு வந்த கண் இலங்கையிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் 2019இல் கண் மூடும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெயர் தெரியாத ஒருவருக்காக ஓர் அகல் கூடுதலாக ஏற்றி வந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியபோது எனக்கு வெண்பலகை பகையாயிற்று. சன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் எழுதியது நானே ஆனாலும் படிக்க முடியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு, நெருப்பு மத்தாப்புபோல் சிதறும். விந்தை என்னவென்றால், பரிசோதனை அறையில் எழுத்துப் பலகையைப் பெரும்பாலும் சரியாகவே படித்துவிடுவேன். மங்கலான அறையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது வேறு, வெயில் நிறைந்த வகுப்பறையில் பார்ப்பது வேறு. ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவின் எழுத்துப் பலகையில் தேறிய பிள்ளையும், "கண் கூசுது டீச்சர்" என்று சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம். வகுப்பில் இடம் மாற்றி உட்கார வையுங்கள், பெற்றோருக்கும் தெரிவியுங்கள்.

கூசலைவிடப் பெருந்துன்பம் விடியற்காலை வலிதான். குருணை இருக்கும் இடத்தில் மேலடுக்கு சரியாக ஒட்டிக்கொள்வதில்லை. இரவெல்லாம் மூடியிருந்த இமையைத் திறக்கும்போது அது பிய்ந்துகொண்டு வரும். அம்மா 'மண்ணை அள்ளிப் போட்டது' என்று சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கிற்று.

2014ஆம் ஆண்டு சூன் மாதப் பள்ளி விடுமுறையில் வலக்கண்ணுக்கு லேசர் செய்துகொண்டேன். மறு ஆண்டு இடக்கண்ணுக்கு. இதில் பயன்படும் எக்சைமர் லேசரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் அதன் வரலாறு சுவையானது. இதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா வகை; அலைநீளம் 193 நானோமீட்டர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகிய மூவர், பிளாஸ்டிக்கைச் சுத்தமாகச் செதுக்கும் இவ்வொளி உயிர்த்தசையையும் அப்படிச் செதுக்குமா என்று அறிய விரும்பினார்கள். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பையும் தசையையும் சீனிவாசன் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். லேசர் பட்ட இடம் கருகவில்லை. கத்தியாலும் இயலாத நேர்த்தியோடு விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. இவ்வொளி சூட்டினால் எரிப்பதில்லை; மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து, அவற்றை ஆவிபோல் பறக்க வைத்துவிடுகிறது. பட்ட இடத்திலேயே முழுதும் உறிஞ்சப்படுவதால் கண்ணின் உள்ளே ஊடுருவுவதுமில்லை. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து மாட்டின் கண்ணில் இதைச் சோதித்தார். 1995இல் அமெரிக்க அரசு கருவிழி மருத்துவத்திற்கு இதனை ஏற்றுக்கொண்டது.

சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அமெரிக்க அதிபர் ஒபாமாவின் கையால் 2013இல் தேசியப் பதக்கம் பெற்றவர். மாணவர்க்குச் சொல்ல ஓர் அறிவியலாளர் கதை வேண்டும் என்று தேடும் ஆசிரியர்கள் இவரை எடுத்துக்கொள்ளலாம். மிச்ச உணவிலிருந்து ஒரு மருத்துவமே பிறந்தது என்றால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு துடிப்பிலும் இந்த லேசர் ஏறத்தாழ கால் மைக்ரான் அளவே சீவுகிறது. எனக்கு மேலடுக்கையும் சேர்த்து 100 மைக்ரான் அளவுக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. இங்கே ஒரு சிக்கல் உண்டு. குருணையால் மேடும் பள்ளமுமாகிவிட்ட பரப்பைச் சமமாகச் சீவினால், மேடும் பள்ளமும் அப்படியே கீழே இறங்குமேயன்றி மட்டமாகாது. ஆகவே பிசுபிசுப்பான ஒரு நீர்மத்தைக் கண்மேல் விடுகிறார்கள். மழைக்குப் பின் தோட்டத்துச் செம்மண் சாலையில் பள்ளங்களில் நீர் தேங்கி மேடுகள் மட்டும் தலைநீட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல நீர்மம் பள்ளங்களை மூடிக் காக்கிறது. லேசர் மேடுகளை மட்டும் சீவுகிறது. சீவுவதும், நிறுத்திப் பார்ப்பதும், மறுபடி நீர்மம் விடுவதுமாக மருத்துவரின் கைப்பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கருவி தானே செய்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டதால் வலி இல்லை. இமைகளைக் கம்பியால் விரித்து வைத்து, மேலே மின்னும் ஒரு விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். படபடவென்று ஓர் ஒலி. மயிர் பொசுங்கியதுபோல் ஒரு நாற்றம். அவ்வளவே. அறைக்குள் போனதிலிருந்து வெளியே வரும்வரை இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

'ஒரே நாளில் போய்விடும்' என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் நாள்களை அவர்கள் சொல்வதில்லை. மருந்தின் மரப்பு விட்டதும் வந்த வலி, என் இரண்டு பிரசவங்களுக்கு அடுத்தபடியான வலி. கண்மேல் காப்பு வில்லை ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டிலேயே கிடந்தேன். என் கணவர் அடுக்களையில் விளக்குப் போட்டால்கூடக் கண்ணீர் வழியும். நான்காம் நாள் மேலடுக்கு மூடிக்கொண்டதும் வலி மறைந்தது. ஆனால் பார்வை தெளிய மேலும் பல வாரங்கள் பிடித்தன. சில மாதங்களுக்குச் சொட்டு மருந்து. அம்மருந்து கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் இடையிடையே அளவெடுப்பு. வெயிலில் இறங்கினால் கறுப்புக் கண்ணாடி. நடுப்பகுதி சீவப்பட்டுத் தட்டையானதால் தூரப்பார்வைக் குறை சற்றுக் கூடிற்று; வெள்ளெழுத்துக் கண்ணாடியின் எண்ணும் உயர்ந்தது. இவையெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள்.

பயன்? ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்றெழுத்தின் மேலுள்ள புள்ளிகள் தனித்தனியே தெரிந்தன. அதுவரை பொருளை வைத்து ஊகித்துத் திருத்தி வந்திருக்கிறேன் போலும்! புள்ளி வைக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்த இருவர் அன்று அகப்பட்டார்கள்.

லேசர் குருணையை நீக்கும், மரபணுவை நீக்காது. ஆகவே சில ஆண்டுகளில் புள்ளிகள் மீண்டும் தோன்றும். தானமாகப் பெற்ற படலத்திலும் நாளடைவில் தோன்றத்தான் செய்யும். எனக்கு 2021இல், இல்லிருப்புக் கற்றலில் நாள்முழுதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், வலக்கண்ணில் மறுபடியும் கூசல் தொடங்கியது.

காயத்தாலும் புண்ணாலும் விழுந்த பூவுக்கு லேசர் பொருந்துமா என்பது தழும்பின் ஆழத்தைப் பொறுத்தது. மேலாக இருந்தால் பொருந்தலாம். ஆழமாக இருந்தால் பொருந்தாது. அக்கியினத்து நச்சுயிரியால் வந்த தழும்பானால், லேசரின் புறஊதா ஒளி உறங்கிக்கிடக்கும் நோயைத் தட்டி எழுப்பக்கூடும் என்று மருத்துவர்கள் தயங்குவார்கள். எனவே அந்தத் தாயாரிடம் நான் சொன்னது: முதலில் கருவிழிக்கென்றே சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் காட்டி, ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குச் செம்பனை மட்டை கண்ணில் அடித்துவிட்டது. செடிகொடிகளால் பட்ட காயத்தில் பூஞ்சைக் கிருமி நுழைவது எளிது. வீட்டில் முதலில் தாய்ப்பால் விட்டார்கள். பிறகு நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டார்கள். ஐந்தாம் நாள் கருவிழி வெண்சுண்ணாம்பாகி நின்றது. கண்ணைக் காப்பாற்றினார்கள், தழும்பு தங்கிவிட்டது. அன்பினால் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அடிபட்ட கண்ணில் மருத்துவர் தராத ஒரு சொட்டும் விடக்கூடாது. சிறு பிள்ளைக்கு இன்னொரு கேடும் உண்டு. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் மங்கினால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். பின்னர் தழும்பை நீக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. பெரியவர்களைப்போல் 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று பிள்ளைகள் விஷயத்தில் ஒத்திப்போட முடியாது.

என் மகளுக்கு வருகிறேன். இதை எழுத அவளிடம் ஒப்புதல் பெற்றுவிட்டேன். பெயர் மட்டும் போடாதே அம்மா என்றாள்.

அவள் இப்பொழுது பினாங்கில் பொறியாளராகப் பணிபுரிகிறாள். புள்ளிகள் கூடியிருக்கின்றன, பார்வை நன்றாகவே இருக்கிறது. திருமணப் பேச்சு எழுந்தபோது எங்கள் உறவில் மூத்த பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெண்பிள்ளைக்குக் கண்ணில் நோய் என்று வெளியே தெரிந்தால் யார் எடுப்பார்கள் என்பது அவர் கவலை. அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். தம்பியின் மூத்த மகன் முறை மாப்பிள்ளைதானே! அவனுக்கும் அதே நோய். இருவருக்கும் இருப்பதால் ஒருவரையொருவர் குறை சொல்லப்போவதில்லை, செய்தியும் குடும்பத்தை விட்டு வெளியே போகாது, உறவும் விட்டுப்போகாது. சொல்லிவிட்டு, மிக நல்ல யோசனை சொன்ன நிறைவோடு காப்பியைக் குடித்தார்.

நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். இருவரில் ஒருவருக்கு மட்டும் இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதி. வந்தாலும் என்னைப்போல் நாற்பது வயதுவரை பெரிய துன்பமின்றி வாழலாம். இருவருக்கும் இருந்தால் கணக்கே வேறு. நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்கு நோய் இல்லாமலிருக்கும் வாய்ப்பு. நான்கில் இரண்டு பங்கு, எங்களைப்போல் இருக்கும் வாய்ப்பு. எஞ்சிய ஒரு பங்கு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிழையான மரபணு இரண்டையும் பெறும் வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குக் கருவிழி சிறுவயதிலேயே கடுமையாக மங்கும். மருத்துவம் செய்தாலும் விரைவாகத் திரும்பி வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் எழுத்தே தெரியாது. நோயை மறைப்பதற்காகச் செய்யும் திருமணமே அந்நோயைப் பன்மடங்காக்கிப் பேரப்பிள்ளையின் கண்ணில் வைக்கும்.

தாளில் நான்கு கட்டம் வரைந்து அந்தப் பெண்மணிக்கு விளக்கினேன். முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த மாதிரி பிறக்கக் கடவுள் வழி விடமாட்டாரா?" என்றார். தம்பியிடம் பேசினேன், அவன் உடனே புரிந்துகொண்டான். இருபது ஆண்டுகளாக அக்காள் தம்பியாகப் பழகிய பிள்ளைகளுக்கும் அந்த எண்ணம் இல்லை. என் மகள் ஒன்று கூடுதலாகச் சொன்னாள்: "யாரைக் கட்டிக்கிட்டாலும் முதல்லயே சொல்லிடுவேன். அதுக்குப் பிறகு வேணாம்னா போகட்டும்." அந்தப் பெண்மணி இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வருத்தந்தான். ஆயினும் அந்த நான்காவது கட்டத்தை நினைத்தால் வருத்தம் சிறிதாகிவிடுகிறது.

இதே காரணத்தால் இளையோரின் பெற்றோருக்கு ஒரு சொல். கண்ணாடியைத் துறக்க லேசிக் செய்ய விரும்பும் பிள்ளைகள், குடும்பத்தில் எவருக்கேனும் கருவிழி மங்கல் இருந்ததா என்பதைத் தெரிந்துகொண்டு, மருத்துவரிடம் தாமே சொல்ல வேண்டும். இந்நோயின் இன்னொரு வகை இருக்கிறது. இத்தாலியில் உள்ள அவெலினோ என்னும் ஊரின் பெயரால் வழங்குகிறது. கொரியாவிலும் ஜப்பானிலும் மிகுதி. அதை அறியாமல் லேசிக் செய்துகொண்ட சிலருக்குப் படிவுகள் முன்னினும் விரைவாகப் பெருகிப் பார்வை கெட்டிருக்கிறது.

என் வலக்கண்ணுக்கு இரண்டாம் முறை லேசர் செய்யலாம் என்கிறார் மருத்துவர். படலத்தில் இன்னும் போதிய தடிமன் இருக்கிறது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் சீவிக்கொண்டிருக்க முடியாது என்பதால், கூசல் பொறுக்கும் அளவில் இருக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெண்பலகையை மாற்றிப் பொருத்தித் தந்த எங்கள் தலைமையாசிரியருக்கு நன்றி.

சென்ற தீபாவளிக்கு மகள் தன்னோடு பணிபுரியும் இளைஞர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டாளாம். சாப்பிட்டு முடித்தபின் அவர் என்னிடம், "ஆன்ட்டி, அந்தப் புள்ளிகளை மெஷின் வழியாப் பார்க்க எனக்கும் விடுவாங்களா?" என்று கேட்டார். அடுத்த பரிசோதனைக்கு எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.